மூச்சும் ஒரு மேகம்தான்

இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து கிளம்பும் காற்று எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது? கொரோனா காலத்தில் பெங்களூர் விஞ்ஞானிகள் தேடிக் கண்ட விடை, கொரோனா அடங்கிய பிறகும் பயன்படும்.

பெங்களூரில் காலை எட்டு மணிக்கு எந்த தர்ஷினி ஓட்டலுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். உட்கார நாற்காலி கிடையாது. மார்பளவு உயரத்தில் சின்ன வட்ட மேஜைகள். அதைச் சுற்றி நின்றபடியே இட்லி, வடை, 'பை-டூ' காபி. ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்ட நண்பர்களில் ஒருவர் ஆபீஸ் கதையை விலாவாரியாகச் சொல்கிறார். மற்றவர் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு முகங்களுக்கும் நடுவே இரண்டடி இருந்தால் அதிகம்.

அந்த இரண்டடியில் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேசுகிறவரின் வாயிலிருந்து வெதுவெதுப்பான, ஈரமான காற்று தாரையாகக் கிளம்பி எதிரே நிற்பவரின் முகத்தை நோக்கிப் போகிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான எச்சில் துகள்களும் போகின்றன. துகளில் கிருமி இருந்தால் அதுவும் ஓசியில் பயணம் செய்கிறது.

பேசுகிறவர், கேட்கிறவர் இருவரில் ஒருவருக்குத் தொற்று இருந்தால், மற்றவருக்கு ஆபத்து எப்போது அதிகம்? இருவரும் மாறி மாறி வளவளவென்று பேசும்போதா, ஒருவர் பேச மற்றவர் வாய்மூடிக் கேட்கும்போதா? வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு என்று எவருக்கும் தோன்றும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

2020 முதல் 2022 வரை பெங்களூரின் பல ஆய்வுக்கூடங்களில் இது போன்ற கேள்விகளோடு விஞ்ஞானிகள் மல்லுக்கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வைரஸ் நிபுணர்கள் அல்ல. விமானம், மேகம், எஞ்சினுக்குள் எரிபொருள் தெறிக்கும் விதம் ஆகியவற்றை ஆராய்கிறவர்கள். மூச்சுக்காற்றும் ஒரு பாய்பொருள்தானே என்ற எளிய எண்ணமே அவர்களை இந்தப் பக்கம் இழுத்து வந்தது.

இருமலைப் படம் பிடித்தவர்கள்

முதல் சிக்கல், காற்றைப் பார்ப்பது எப்படி என்பது. இதற்கான வழி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. தத்துவம் ஒவ்வொரு ஓட்டலிலும் இருக்கிறது. சூடான தோசைக்கல்லுக்குப் பின்னால் நிற்கும் மாஸ்டரின் சட்டை நெளிவது போலத் தெரியுமே, அதுதான். சூடான காற்று லேசானது. சுற்றியுள்ள குளிர்ந்த காற்றிலிருந்து அதற்குள் நுழையும் ஒளி சற்றே வளைகிறது. அந்த வளைவைப் பெரிய குழியாடி ஒன்றைக் கொண்டு குவித்து, குவியும் இடத்தில் கத்தி முனை போன்ற ஒன்றால் ஒளியின் ஒரு பகுதியை மறைத்துவிட்டால், காற்றின் நெளிவுகள் கறுப்பும் வெளுப்புமாகக் கேமராவில் பதியும். இதற்கு 'ஷ்லீரன்' படமெடுப்பு என்று பெயர். பறக்கும் துப்பாக்கிக் குண்டைச் சுற்றியும் விமான இறக்கை மாதிரியைச் சுற்றியும் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பயன்பட்டுவந்த முறை.

மனித உடம்புக்குள்ளிருந்து வரும் காற்று ஏறக்குறைய 35 டிகிரி சூடு. அறைக் காற்றோ அதைவிடக் குளிர்ச்சி. ஆகவே இருமலும் இந்தக் கண்ணாடிக்குத் தப்பாது. இஸ்ரோவைச் சேர்ந்த பத்மநாப பிரசன்ன சிம்ஹாவும், பெங்களூர் ஜயதேவா இருதய நோய் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பிரசன்ன சிம்ஹா மோகன் ராவும் சேர்ந்து இந்த முறையில் இருமலைப் படம் பிடித்தார்கள். ராக்கெட் உலகமும் இருதய ஆபரேஷன் உலகமும் ஓர் இருமலில் சந்தித்தன. 2020 ஆகஸ்டில் 'ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்' என்ற ஆய்விதழில் முடிவுகள் வெளியாயின.

வாயைத் திறந்து எந்தத் தடுப்பும் இல்லாமல் இருமினால் காற்று 3 மீட்டர் வரை போகும் என்று தெரிந்தது. கிட்டத்தட்டப் பத்தடி. சாதாரணமாகப் போட்டுவிட்டு எறியும் மாஸ்க் அணிந்தால் அது அரை மீட்டராகக் குறைந்தது. என்-95 மாஸ்க் அணிந்தபோது இருமலின் தொடக்க வேகமே பத்தில் ஒரு பங்கு வரை தணிந்து, காற்று 10 முதல் 25 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது.

முழங்கை மடிப்பில் இருமுங்கள் என்று அரசாங்க விளம்பரங்கள் சொல்லிவந்தன. அதிலும் ஒரு நுணுக்கம் வெளிப்பட்டது. முழுக்கைச் சட்டை போட்டவருக்குத்தான் அது சரிப்படும். வெறும் கை மூக்கோடும் வாயோடும் ஒட்டி மூடாது. இடுக்கு வழியே காற்று பக்கவாட்டில் பீறிட்டுவிடும். அரைக்கைச் சட்டையும் முண்டா பனியனுமாக நடமாடும் நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. வாயிலிருந்து கிளம்பும் இருமல், பீடி குடிக்கிற பெரியவர்கள் வேடிக்கைக்காக விடும் புகை வளையத்தின் இயல்புகளோடு நகர்ந்தது. புகை வளையம் தானே சுழன்றபடி, கலையாமல் தூரம் போகும். வலுவான இருமலோ மெலிந்த இருமலோ, யாருடைய இருமலாக இருந்தாலும் தொலைவில் அதன் போக்கு ஒரே விதிக்கு அடங்கியது. மாஸ்க் எல்லாத் துகளையும் வடிகட்டாவிட்டால் பரவாயில்லை. அந்த மேகத்தை முகத்தருகிலேயே நிறுத்திவிட்டால் பாதி வெற்றி என்பதே ஆய்வின் சாரம்.

கல்லா, மேகமா?

'மேகம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நெடுநாள் வழக்கு இருக்கிறது. கொரோனா வந்த புதிதில் உலகம் முழுவதும் ஆறடி இடைவெளி என்ற மந்திரம் ஓதப்பட்டது. பெங்களூர் மளிகைக் கடைகளின் வாசலிலும் சென்னை ரேஷன் கடைகளின் வாசலிலும் சுண்ணாம்பு வட்டங்கள் போடப்பட்டன. இருமலில் தெறிக்கும் துளிகள் எறிந்த கல்லைப் போல வளைந்து போய் ஆறடிக்குள் தரையில் விழுந்துவிடும் என்ற எண்ணமே அதற்கு ஆதாரம்.

பெரிய துளிகளுக்கு அது உண்மை. பத்தில் ஒரு மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான் குறுக்களவுள்ள துளி, முக உயரத்திலிருந்து சில வினாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துளி விழ எட்டு, ஒன்பது நிமிடங்கள் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு அசையாத காற்றிலேயே அரை நாள் பிடிக்கும். அசையாத காற்று என்று எந்த அறையிலும் கிடையாது. எனவே அது விழவே விழாது என்றுகூடச் சொல்லலாம். போதாக்குறைக்கு, வெளியே வந்ததும் துளியிலுள்ள நீர் ஆவியாகிறது. பெரிய துளி சின்னதாகிறது. விழ இருந்தது மிதக்கத் தொடங்குகிறது. இதை அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் வெல்ஸ் 1934லேயே கணக்கிட்டுக் காட்டினார். அவருக்குப் பின் ரிச்சர்ட் ரைலி, பால்டிமோரில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினி எலிகளின் கூண்டுக்கு அனுப்பினார். நோயாளி பக்கத்திலேயே வராத எலிகளுக்குக் காசநோய் தொற்றியது.

இத்தனைக்கும் பிறகு, 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்பே, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னான் என்ற ஊரில் ஒரு சர்ச் கட்டடத்தில் பாட்டுக் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு ஜலதோஷ அறிகுறி இருந்தது. பரிசோதனையில் உறுதியானவர்களும் அறிகுறியால் கணிக்கப்பட்டவர்களுமாக 53 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். இருவர் இறந்தார்கள். பாடியதுதான் அவர்கள் செய்த காரியம்.

2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்று வழிப் பரவலை ஏற்றுக்கொள்ளும்படி பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கத்தைத் தெளிவாக மாற்றிக்கொள்ள 2021 ஏப்ரல் இறுதி ஆயிற்று. அந்த ஏப்ரலில்தான் பெங்களூர் மயானங்களின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. கல்லா, மேகமா என்பது வெறும் பட்டிமன்றத் தலைப்பாக இருக்கவில்லை.

மேகக் கணக்கு மூச்சுக்கும் உதவியது

மேகம் என்றால் பெங்களூருக்கு அன்னியமில்லை. காற்றியக்கவியலில் உலகப் புகழ் பெற்ற ரொத்தம் நரசிம்மா, ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் மேகங்களை ஆராய்ந்தவர். தண்ணீர்த் தொட்டிக்குள் மின்சாரத்தால் சூடேற்றி, வானத்துப் பஞ்சு மேகம் எழுவது போன்ற ஓட்டத்தை அவருடைய குழு ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கியது. 2011இல் அது குறித்து வெளியான கட்டுரையில் உடன் எழுதியவர்களில் ஒருவர் சௌரப் திவான். பின்னாளில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விண்கலப் பொறியியல் துறைப் பேராசிரியரானவர்.

2020இல் இருமல் பற்றிய பேச்சு எழுந்தபோது இவர்களுக்குப் பொறி தட்டியது. வானத்து மேகம் என்பது என்ன? சூடான, ஈரமான காற்று மேலே எழுகிறது. சுற்றியுள்ள காற்றை இழுத்துத் தன்னோடு கலந்துகொள்கிறது. குளிர்ந்ததும் ஈரம் துளிகளாகிறது. இருமலும் அதேதான். அளவு மட்டும் சின்னது. கிளம்பும் திசை மேல்நோக்கி இல்லாமல் முன்னோக்கி. திவான், எஸ். ரவிச்சந்திரன், ராமா கோவிந்தராஜன், நரசிம்மா ஆகிய நால்வரும் இருமலையும் தும்மலையும் குட்டி மேகங்களாகக் கருதிக் கம்ப்யூட்டரில் முழுமையாகக் கணக்கிட வேண்டும் என்று 2020இல் கட்டுரை எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று நரசிம்மா தம் 87ஆம் வயதில் காலமானார். மேகங்களோடு வாழ்ந்தவரின் கடைசிக் காலப் பணிகளில் ஒன்றாக இந்த மூச்சு மேகம் அமைந்தது.

மேகங்களுக்காக எழுதப்பட்ட கம்ப்யூட்டர் நிரலின் பெயர் 'மேகா-5'. எழுதியவர் ரவிச்சந்திரன், அப்போது ஸ்டாக்ஹோமில் உள்ள நார்டிடா நிறுவனத்தில் இருந்தார். பெங்களூரின் வடகோடியில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில் ராமா கோவிந்தராஜனின் குழு அதைப் பயன்படுத்திவந்தது. அந்த நிரலில் மாற்றங்கள் செய்து, இருமலிலிருந்து பேச்சுக்குத் தாவினார்கள். ஆராய்ச்சி மாணவர் ரோஹித் சிங்கல் முதல் ஆசிரியராக அமைந்த அந்தக் கட்டுரை 2022இல் 'ஃப்ளோ' என்ற ஆய்விதழில் வெளியாயிற்று.

பேச்சை ஏன் எடுத்துக்கொண்டார்கள்? இருமுகிறவரைக் கண்டால் எவரும் ஒதுங்குவார்கள். பேசுகிறவரைக் கண்டு யார் ஒதுங்குவது? அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் கொரோனா பரவியது. அவர்கள் இருமவில்லை, தும்மவில்லை. பேசினார்கள்.

'அப்பா'வும் 'மாமா'வும்

பேச்சு என்பதே காற்றின் வேலை என்று நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரியும். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் தங்கி, பல்லும் இதழும் நாவும் அண்ணமும் படும் விதத்தால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் விவரிக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு 'மாமா' என்று சொன்னால் கையில் பெரிதாக ஒன்றும் படாது. 'அப்பா' என்று சொன்னால் குட்டியாக ஒரு காற்று மோதும். இதழ் மூடி, உள்ளே அழுத்தம் சேர்ந்து, திறந்ததும் வெடிக்கிறது.

பிரான்சின் மனூக் அப்கரியானும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்டோனும் 2020இல் இதை லேசர் ஒளியிலும் அதிவேகக் கேமராவிலும் பார்த்தார்கள். 'ப' ஒலி வரும்போதெல்லாம் ஒரு சிறு காற்றுக் குமிழ் சீறிப் பாய்கிறது. அப்படி அடுத்தடுத்துக் கிளம்பும் குமிழ்கள், பழைய கரி எஞ்சின் விடும் புகையைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தாரையாகி ஒரு மீட்டருக்கு அப்பாலும் போகின்றன. அதே கணத்தில் உதடுகளுக்கு நடுவே எச்சில் மெல்லிய இழையாக நீண்டு, அறுந்து, நுண்துளிகளாகச் சிதறுவதையும் பதிவு செய்தார்கள். உதட்டில் தைலம் தடவினால் துளிகள் குறைந்தன. குரலை உயர்த்தினால் துகள்கள் கூடும் என்பதும் 2019லேயே அமெரிக்க ஆய்வு ஒன்றில் தெரிந்துவிட்டது.

வெளியே விடும் மூச்சுக்கும் உள்ளே இழுக்கும் மூச்சுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஓரடி தள்ளியிருக்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று ஒரே திசையில் தாரையாகப் போகிறது. உறிஞ்சும் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆகவே ஒரு நிமிடம் பேசினால், நடுவே எத்தனை முறை மூச்சை இழுத்தாலும், மொத்தத்தில் முன்னோக்கி ஒரு காற்றோட்டம் நிலைத்துவிடும்.

ஒன்பது டிகிரி

திவானின் குழு கம்ப்யூட்டரில் இருவரை எதிரெதிரே நிறுத்தியது. இடைவெளி இரண்டடி, நான்கடி, ஆறடி. மாஸ்க் கிடையாது. பேச்சு ஏறக்குறைய ஒரு நிமிடம். மூக்கு மட்டுமல்லாமல் வாயும் கண்ணும்கூடக் கிருமி நுழையும் வாசல்கள் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். பேச்சுக் காற்று கொந்தளித்துக் கணத்துக்குக் கணம் மாறுவது. ஒவ்வொரு கணக்கும் கம்ப்யூட்டருக்கு நெடுநேர வேலை வைத்தது.

இருவரும் பேசும்போது இரண்டு தாரைகளும் நடுவழியில் மோதி ஒன்றையொன்று தடுத்தன. ஒருவர் மட்டும் பேசும்போது எதிரே தடுப்பார் இல்லை. தாரை நேராகக் கேட்பவரின் முகத்தில் போய்ச் சேர்ந்தது. மௌனமாகக் கேட்பவருக்கு ஆபத்து கூடுவது இதனால்தான். நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்ளும் நர்ஸ், கவுன்ட்டருக்குப் பின்னால் அமர்ந்து ஒவ்வொருவர் குறையையும் கேட்கும் குமாஸ்தா இப்படி, கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எத்தனை பேர்!

உயரமும் கணக்கில் வந்தது. இருவரும் ஒரே உயரமானால் தாரைகள் நேருக்கு நேர் மோதுவதால் ஆபத்து குறைவு. ஒருவர் நெட்டை, மற்றவர் மிகக் குட்டை என்றாலும் குறைவு. தாரை முகத்துக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். உயர வித்தியாசம் நடுத்தரமாக இருக்கும்போதுதான் சங்கடம். தாரைகள் ஒன்றையொன்று உரசாமல் நழுவி எதிராளியை எட்டிவிடுகின்றன.

பரிகாரம் என்ன? தலையைச் சுமார் ஒன்பது டிகிரி பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் போதும் என்கிறது ஆய்வு. கடிகாரத்தின் நிமிட முள் ஒன்றரை நிமிடத்தில் நகரும் தூரம்தான் அது. கண்ணோடு கண் பார்த்துப் பேச எந்தத் தடையும் இல்லை. பேசுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எவரும் கோபித்துக்கொள்ள முடியாத அளவு.

இதற்கு எல்லைகளும் உண்டு. மின்விசிறி சுழலாத, ஜன்னல் காற்று வீசாத இடத்துக்கான கணக்கு இது. பேச்சின் உரப்பையும் காற்றோட்டத்தையும் இனிமேல்தான் சேர்க்க வேண்டும் என்று குழுவினரே சொன்னார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்குச் சரியாக வருவது, மூடிய அறையில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு வராது. அங்கே தாரை மறைந்து, அறை முழுவதும் ஒரே மேகமாகிவிடும்.

துணி கிழித்த துளி

மாஸ்க் விஷயத்தில் எச்சரிக்கை மணி அடித்தது அதே கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறை. பேராசிரியர் சப்தர்ஷி பாசு, எரிபொருள் துளிகள் எப்படி உடைகின்றன என்று ஆராய்கிறவர். கலிபோர்னியா, டொரான்டோ பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, இருமலில் வருவது போன்ற துளிகளை மாஸ்க் துணியின் மேல் வேகமாக எய்து, அதிவேகக் கேமராவில் படமெடுத்தார். 2021 மார்ச்சில் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் முடிவு வந்தது.

பெரிய துளி ஒற்றைத் துணியில் மோதும்போது நின்றுவிடுவதில்லை. சல்லடையில் மாவு சலிப்பது போல இழைகளின் நடுவே புகுந்து, மறுபக்கம் பல குட்டித் துளிகளாக வெளியேறுகிறது. விழ வேண்டிய துளி, மிதக்கும் துளிகளாகிவிடுகிறது. ஒற்றை அடுக்கு மாஸ்க், துளியின் கன அளவில் 30 சதவீதத்தை மட்டுமே தடுத்தது. இரட்டை அடுக்கு ஏறக்குறைய 91 சதவீதம் தடுத்தது. ஆனாலும் தப்பிய குட்டித் துளிகளில் கால் பங்குக்கு மேல் மிதக்கக்கூடிய அளவில் இருந்தன. மூன்றடுக்கிலும் என்-95இலும் கசிவு இல்லை அல்லது பொருட்படுத்த வேண்டியதில்லை. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தைரியமாகத் திரிந்தவர்களுக்கு இது முக்கியமான பாடம்.

இப்போது எதற்கு?

மாஸ்க்கைக் கழற்றி எறிந்தாகிவிட்டது. சுண்ணாம்பு வட்டங்கள் மழையில் கரைந்துவிட்டன. இனி இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். பதில் பெங்களூரிலேயே, பல்லாரி சாலையில் இருக்கிறது. 1959இல் தொடங்கப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய்க் கிருமி பரவுவது இதே மூச்சு மேகத்தில்தான்.

1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, காசநோயாளியைச் சானடோரியத்தில் தனித்து வைத்தாலும் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குடும்பத்தாருக்கு ஆபத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. மருந்து உள்ளே போனதும் தொற்றும் சக்தி தணிந்துவிடுகிறது. உண்மையான ஆபத்து, நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த வாரங்களில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொல்வதன் பொருள் அதுவே.

அந்த வாரங்களில் காப்பாற்றக்கூடியது காற்றோட்டம். 2021 மே மாதம், இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட குறிப்பு இதைப் பச்சையாகச் சொன்னது. பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழும். நுண்துகள்கள் பத்து மீட்டர் வரை போகலாம். ஜன்னலைத் திறந்தால் நாற்றம் எப்படி அகலுமோ அப்படியே கிருமிச் சுமையும் குறையும். மூடிய அறையில் ஊதுவத்தி ஏற்றினால் மூலை முடுக்கெல்லாம் மணக்கும். கதவைத் திறந்தால் சற்று நேரத்தில் மணம் போய்விடும். மூச்சு மேகமும் அப்படித்தான்.

வருத்தம் என்னவென்றால், நகரங்கள் நேர்மாறான திசையில் போகின்றன. பழைய பெங்களூர் வீடுகளின் கூரையோரச் சாளரங்களும் செட்டிநாட்டு வீடுகளின் முற்றங்களும் சூடான காற்றை மேலே இழுத்து வெளியேற்றின. இன்றைய ஐ.டி. அலுவலகங்களில் பல, திறக்கவே முடியாத கண்ணாடிச் சுவர் கொண்டவை. ஏ.சி. அறையில் குளிர்ச்சி இருக்கும். வெளிக்காற்று வருகிறதா என்பது தனிக் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள இப்போது மலிவான வழி ஒன்று உண்டு. வெளிக்காற்றில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 420 பங்கு சுமார். நாம் விடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பங்கு. அறையில் அந்த அளவு ஏறிக்கொண்டே போனால், அங்கிருப்பவர்கள் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். கையடக்க மீட்டர் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

தர்ஷினியில் அந்த இரண்டு நண்பர்களின் பேச்சு முடிகிற பாடாக இல்லை. நல்ல வேளையாக ஓட்டலின் முன்பக்கம் முழுவதும் தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மேஜை மேல் இருக்கும் காபியின் ஆவி நேராக எழாமல், சாய்ந்து, வாசல் பக்கமாகப் போய் மறைகிறது. பேசுகிறவரின் மூச்சும் அந்த வழியேதான் போய்க்கொண்டிருக்கிறது. கேட்கிறவர் 'ம்' கொட்டியபடியே, போகிற ஆட்டோவை வேடிக்கை பார்க்க முகத்தைக் கொஞ்சம் திருப்புகிறார். ஒன்பது டிகிரி இருக்கும்.